லயன் குடும்பங்கள் அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

இலங்கையின் தேயிலைத் தோட்டத்து லயன்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்துகொண்டு, அரசின் அஸ்வெசும கொடுப்பனவுக்கு இதுவரை விண்ணப்பிக்காத குடும்பங்களுக்காகவும், விண்ணப்பித்தும் பெயர் வராத குடும்பங்களுக்காகவும் இதனை எழுதுகிறேன். தேயிலைக் கொழுந்து குறையும் மாதங்களில் பேர் விழுவது, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்குரிய வேலை பதியப்படுவது, குறைகிறது. பேர் குறைந்தவுடன் வீட்டில் முதலில் சுருங்குவது பருப்பும் கருவாடும் முட்டையும்தான். கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும் (வெறுந்தேநீரும்) வயிற்றை நிரப்பினாலும் பிள்ளைகளின் உடலை வளர்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 17.3 சதவீதம். இந்த இடைவெளி என்னை மிகவும் வருத்துகிறது.

அஸ்வெசும 2023ஆம் ஆண்டு, முந்தைய வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் இடத்தில் தொடங்கப்பட்ட உதவித் திட்டமாகும். நலன்புரி நன்மைகள் சபை இதனை நடத்துகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வறிய குடும்பங்களுக்கான மாதக் கொடுப்பனவு 8,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும், மிக வறிய குடும்பங்களுக்கானது 15,000 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

படி 1: உங்கள் குடும்பம் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

அதிகமான குழப்பம் இங்கேதான் நேர்கிறது. ஒரே லயன் அறையில் பெற்றோர் ஓர் அடுப்பிலும், மணமான மகன் இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து வேறோர் அடுப்பிலும் சமைத்து வாழ்வது நம்மிடையே வழக்கம். ஆனால் முகவரி ஒன்றே என்பதால், இரண்டு குடும்பங்களும் ஒன்றாகப் பதியப்பட்டு, எல்லோருடைய சம்பளமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே படிவத்தைத் தொடும் முன்னரே கிராம உத்தியோகத்தரிடம் சென்று, யார் யார் தனி உலை வைத்து வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லி, உங்கள் குடும்பம் எவ்வாறு பதியப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அதே தடவையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆவணங்களை ஒப்பிடுங்கள்

குடும்பத்தினரின் தேசிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், மின்சாரப் பட்டியல், நாட்பட்ட நோயோ வலுவிழப்போ உள்ளவரின் மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். பின்னர் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் டிவிஷனில் ஒரு தாயின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்ததால் அவருடைய வேலை பல வாரங்கள் தடைப்பட்டது; ஒரு நாள் பேரை இழந்து அலுவலகத்துக்குப் போகும் ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று.

படி 3: விண்ணப்பியுங்கள்

விண்ணப்பங்கள் எந்நேரமும் ஏற்கப்படுவதில்லை. அரசாங்கம் அழைப்பு விடுக்கும் காலத்தில் மட்டுமே ஏற்கப்படும். இணையவழியிலும் பிரதேச செயலகத்தின் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். படிவம் சிங்களத்தில் மட்டும் தரப்பட்டால் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தந்திருக்கிறது. விண்ணப்ப இலக்கத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு உங்கள் குடும்பத்துக்குப் புள்ளி இடப்படுகிறது. எனவே ஒவ்வொரு பதிலுக்கும் கனம் உண்டு. மானம் கருதி இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இருக்கிறது; அதன் வேதனையை நான் அறிவேன், ஆயினும் அன்றைய தினம் அதனை விட்டுவிட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் லயன் அறை தோட்டத்துக்கு உரியது என்றால் அதனை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரே மின்மானியை இரண்டு மூன்று வீடுகள் பகிர்ந்தால், பட்டியலில் உள்ள அலகுகள் அனைத்தும் உங்களுடையவை அல்ல என்பதையும் சொல்லுங்கள். வருமானத்தைக் கேட்டால், அதிகம் கொழுந்து கிடைத்த மாதத்தின் சம்பளத்தை மட்டும் சொல்லாமல், வேலை குறைந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

படி 5: பட்டியலைப் பார்த்து, தேவையானால் மேன்முறையீடு செய்யுங்கள்

தெரிவானோரின் பட்டியல் வெளியானதும் தாமதிக்காமல் பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும், உங்கள் நிலைக்குக் குறைந்த பிரிவில் பெயர் வந்திருந்தாலும், அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் மேன்முறையீடு செய்ய முடியும். "நாங்கள் ஏழைகள்" என்று மட்டும் எழுதுவதைவிட, எந்தத் தகவல் தவறாகப் பதியப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு அதற்குரிய சான்றின் பிரதியை இணைப்பதே பயன் தரும். தெரிவானால், பிரதேச செயலகம் சொல்லும் முறைப்படி வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும். சமையலைப் பொறுப்பேற்றிருக்கும் தாயின் பெயரில் கணக்கு இருப்பது நல்லது என்பது என் கருத்து.

படி 6: காத்திருக்கும் காலத்தில் குடும்ப நல மாதுவைச் சந்தியுங்கள்

அஸ்வெசும கிடைக்கும்வரை பிள்ளைகளின் வயிறு காத்திருக்காது. கர்ப்பிணித் தாய்மாருக்கு 10 மாதங்களுக்குப் போஷாக்குப் பொதி வழங்கப்படுகிறது.  கர்ப்பம் உறுதியானவுடனே, தாய் சேய் நலனைக் கவனிக்கும் குடும்ப நல மாதுவிடம் பதிவு செய்யுங்கள். எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்னும் சத்துமாவும் கிளினிக்கின் ஊடாகக் கிடைக்கும். அந்தத் திரிபோஷாப் பொதியை வீட்டிலுள்ள எல்லோரும் பகிர்ந்து உண்ண நேர்ந்தால், அதனை மறைக்காமல் மாதுவிடம் சொல்லுங்கள். பிள்ளையின் எடை ஏன் ஏறவில்லை என்பதை அப்போதுதான் அவர் சரியாக அறிய முடியும்.