மீன் விடுவது கடைசி வேலை

சென்னையில் மாதவரம், ரெட்டேரிப் பக்கம் ஏரிக்கால்வாய் ஒன்றைச் சீர்செய்ய நாலு பேர் சேர்ந்ததும் முதலில் எழும் யோசனை, மீன்குஞ்சு வாங்கி விடலாம் என்பது. அதைத் தள்ளிப்போடுங்கள். நீர்வளத் துறையிடமோ மாநகராட்சியிடமோ முறையாக அனுமதி வாங்கி, ஆனியில் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் மண்வேலையை முடித்துவிட வேண்டும்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்கவும். வெயிலேறினால் பாசி ஆக்சிஜனை விடும், மதிய அளவு ஏமாற்றிவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலும் எங்கோ கழிவுநீர் இறங்குகிறது. கரையோரமாக நடந்து அந்தக் குழாயைக் கண்டுபிடித்து நிறுத்தாதவரை மற்றதெல்லாம் வீண். "விரால் துள்ளுதே, தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைப்பவை, சாக்கடையிலும் கிடக்கும்.

ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன்பே எடுங்கள்; விதை சேற்றில் பல வருடம் உறங்கும். கீழ்ப்புறத்தில் மூங்கிலை மிதக்கவிட்டுக் குறுக்கே கட்டிவிட்டு, மேல்புறத்திலிருந்து இழுத்துவாருங்கள். தப்பிய ஒரு செடி இரண்டே வாரத்தில் இரண்டாகும். வாரியதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழை திரும்ப உள்ளே தள்ளும். மணலிப் பக்கம் ஆலைக்கழிவு கலந்த தண்ணீரென்றால் உரமாக்கவும் வேண்டாம், வேரில் உலோகம் ஏறியிருக்கும்.

ஜேசிபிக்காரரிடம் விட்டால் அடியை வழித்துத் தளம்போட்ட மாதிரி ஆக்கிவிடுவார். 25 மீட்டருக்கு ஒன்றாக, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மடு விடச் சொல்லுங்கள். கோடையில் மீன் ஒதுங்குவது அங்கேதான். கரை 1 அடி உயர்ந்தால் 2 அடி சாய்வு. விளிம்பில் கோரையும் வெட்டிவேரும் நடலாம். சம்பு வேண்டாம், இடத்தையே அடைத்துவிடும்.

இனி மீன். மேலே ஏரியோடு தொடர்பிருந்தால் கெண்டையும் கெளுத்தியும் மழைவெள்ளத்தோடு தாமே வரும். கட்லா, ரோகு வேண்டாம், அவை கங்கைப் பக்கத்து மீன்கள். கொசுவுக்கென்று கம்பூசியாவும் வேண்டாம், பிற மீன்களின் குஞ்சைத் தின்றுவிடும். தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த நம்மூர்ச் சிறுமீனே கொசுப்புழுவைப் பார்த்துக்கொள்ளும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கி, தொட்டிக்குப் பெருத்துப்போனதும் கொண்டுவந்து விடுகிற 'டேங்க் கிளீனர்' என்ற பாசி தின்னும் மீன்தான் பெரிய தலைவலி. கரையில் கை நுழையும் அளவுக்கு வளை தோண்டி முட்டையிடும்; கரை உள்ளிருந்தே சரியும். வலையில் சிக்கினால் கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். பல மணி நேரம் சாகாது, நெளிந்தே தண்ணீருக்குத் திரும்பிவிடும். குழி வெட்டிப் புதையுங்கள்.