டீப் டார்க்கில் சுவர் கட்டாதீர்கள்

விடுமுறை வந்தால் அக்கா பையனும் அவன் கூட்டாளிகளும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் ஒரே உலகத்தில் ஆடுவார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த முறை டீப் டார்க் என்ற நிலத்தடிப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதில் நான் அங்கே எப்படியெல்லாம் செத்தேனோ, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் சாகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காலுக்கு நேர் கீழே தோண்டக் கூடாது, நெதர் என்ற பாதாள உலகில் படுக்கையில் படுத்தால் வெடிக்கும், இந்த வகை எல்லாம் ஒரு தடவை பட்டாலே புரிந்துவிடும். அவற்றை எழுதப் போவதில்லை. டீப் டார்க்கில் செத்தபிறகும் எதனால் செத்தோம் என்று பலருக்குத் தெரிவதில்லை. சிக்கலே அதுதான். கீழே வரும் எண்கள் ஜாவா பதிப்பில், நார்மல் என்ற நடுத்தரக் கடின நிலையில் ஆடுபவர்களுக்கானவை. போனில் பெட்ராக் பதிப்பு ஆடுபவர்களுக்குச் சில எண்கள் மாறலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் வந்த 1.19 பதிப்பில் சேர்த்த பகுதி இது. பெரும்பாலும் மலைகளுக்கு அடியில், டீப்ஸ்லேட் என்ற கறுத்த பாறை கிடக்கும் ஆழத்தில் இருக்கும். ஏன்ஷியன்ட் சிட்டி என்ற பாழடைந்த நகரம் உயரத்தைக் காட்டும் Y எண் மைனஸ் 51 பக்கத்தில் கிடக்கும். வேறு விளையாட்டுகளில் வரும் பயங்கர இடங்கள், டார்க் சோல்ஸின் பிளைட்டவுனோ ஹாஃப்-லைஃப் 2-இன் ரேவன்ஹோமோ, பயமுறுத்துவது எதிரிகளை ஏவிவிட்டு. இங்கே சோம்பி கிடையாது, க்ரீப்பர் கிடையாது, ஒரு சிலந்திகூடத் தானாக வராது. நீங்கள் மட்டும்தான். உங்கள் சத்தம்தான் எதிரி. ஸ்கல்க் சென்சார் என்ற கட்டை 8 பிளாக் (கட்டை) தூரத்துக்குள் அதிர்வைப் பிடிக்கும். பிடித்தால் பக்கத்தில் இருக்கும் ஷ்ரீக்கர் என்ற இன்னொரு கட்டை அலறும். நாலாவது அலறலில் தரை பிளந்து வார்டன் என்ற பூதம் வரும். அதற்குக் கண் கிடையாது. காதும் மூக்கும் உண்டு.

## ஷ்ரீக்கருக்கு ஷ்ரீக்கர் கணக்கு வைப்பது

"இது ஒரு தடவைதான் கத்தியிருக்கு, அந்தப் பக்கம் இருக்கிறது இன்னும் கத்தவே இல்லை." இப்படி ஒரு கணக்கு ஓடும். அலறல் எண்ணிக்கை ஷ்ரீக்கரிடம் இல்லை, உங்கள் பெயரில் இருக்கிறது. நகரத்தின் ஒரு மூலையில் இரண்டு, இன்னொரு மூலையில் இரண்டு என்றாலும் நாலுதான். அலறல் இல்லாமல் 10 நிமிடம் போனால் ஒன்று குறையும். மூன்று ஆகிவிட்டதா, வெளியே போய் வேறு வேலை பாருங்கள். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை.

## சுவர் கட்டி ஒளிவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுகிறேன்.

மைன்கிராஃப்ட் ஆடத் தொடங்கிய முதல் நாள் இரவில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ஆபத்தா, கையில் இருக்கும் மண்ணையோ கல்லையோ சுற்றிலும் வைத்து மூடிக்கொள், விடியும்வரை உள்ளேயே இரு. சோம்பியிடம் இது பலிக்கும், எலும்புக்கூட்டிடம் பலிக்கும், நெதரில் காஸ்ட் நெருப்பு உமிழும்போதுகூடக் கருங்கல் வைத்துத் தப்பிக்கலாம். வருடக்கணக்காகப் பலித்த உத்தி என்பதால் கை யோசிக்காமலே செய்துவிடுகிறது. வார்டனிடம் இதே உத்திதான் ஆளைக் கொல்கிறது.

அக்கா பையன் அன்றைக்கு முழு வைரக் கவசத்தில் இருந்தான், எல்லாவற்றிலும் புரொடக்‌ஷன் மந்திரம் ஏற்றி. இடது கையில் கேடயம். நாலாவது அலறல் கேட்டதும் கடகடவென்று கல் வைக்க ஆரம்பித்தான். நாலு பக்கமும், தலைக்கு மேலேயும், அதுவும் இரண்டு அடுக்கு. "மாமா, சுத்தி மூடிட்டேன். இனி அது வரட்டும், பாத்துக்கலாம்" என்றான். நான் "கல் வைக்காதே" என்று கத்தியது ஹெட்போனில் காதில் விழவில்லை. பெட்டிக்கு வெளியிலிருந்து ஒரு குமுறல், பாதி ரத்தம் போனது. "எப்படி மாமா? ஓட்டையே இல்லையே" என்று கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது. அவ்வளவுதான், கவசம், வாள், வைரக் கோடரி எல்லாம் அந்தக் கல்பெட்டிக்குள்ளேயே சிதறிக் கிடந்தன.

நடந்தது என்ன? வார்டனால் உங்களை எட்டிப் பிடிக்க முடியாவிட்டால் அது சும்மா நிற்காது. நெஞ்சிலிருந்து ஒலி அலை ஒன்றை வெடிக்கவிடும். பக்கவாட்டில் 15 பிளாக், மேலும் கீழும் 20 பிளாக் வரை அது எட்டும். சுவரை ஊடுருவும். கவசத்தையும் அதில் ஏற்றிய மந்திரத்தையும் மதிக்காது, கேடயத்துக்கும் நிற்காது. ஒரு வெடிப்புக்கு உயிரில் 10 போகும். உங்களிடம் மொத்தம் இருப்பதே 20. நெதரைட் கவசம் போட்டிருந்தாலும் சட்டையில்லாமல் நின்றாலும் இரண்டே வெடிப்பு. உயரமாகத் தூண் எழுப்பி மேலே ஏறி நின்றுகொள்பவர்களுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று, கல் வைப்பதே சத்தம். வார்டனின் காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் மேல் அதற்கு 35 கோபம் ஏறும். 80-ஐத் தாண்டினால் தேடுவதை விட்டுத் தாக்க வரும். மூன்று சத்தம் போதும். நீங்கள் ஒளிந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு செய்வது, "இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன்" என்று தட்டித் தட்டிச் சொல்வதுதான். அப்படியே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாலும் கிட்டே வந்தால் மோப்பம் பிடித்துவிடும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வார்டன் தரையைப் பிளந்து வெளியே வர ஆறேழு விநாடி பிடிக்கும். அந்த நேரத்தில் அதற்குக் காது கேட்காது. அப்போதே ஓடுங்கள், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. முழுதாக வெளியே வந்ததும் ஸ்னீக் போட்டுக் குனிந்து நடங்கள். குனிந்து நடந்தால் காலடி அதிர்வு போகாது. அதன் காது 16 பிளாக்குக்கு மேல் எட்டாது. ஒரு நிமிடம் எந்தச் சத்தமும் கிடைக்காவிட்டால் தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விடும். அங்கே ஒளிவதற்கு இருக்கும் ஒரே வழி தூரம்தான்.

கட்டாயம் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பளி வையுங்கள். கம்பளியை வைத்தாலும் உடைத்தாலும் மேலே நடந்தாலும் சத்தம் கிடையாது. சென்சாரைச் சுற்றி ஆறு பக்கமும் கம்பளி வைத்தால் அது செவிடாகிவிடும். இறங்குவதற்கு முன் ஆடுகளைக் கத்தரித்து இரண்டு ஸ்டாக் (அடுக்கு) கம்பளி எடுத்துக்கொண்டு போகாத ஆளை நான் இப்போது கூட்டிக்கொண்டே போவதில்லை. மறந்து வந்தால் நகரத்திலேயே ஆங்காங்கே கம்பளிக் கட்டைகளும் விரிப்புகளும் கிடக்கும், அவற்றையாவது பெயர்த்துக்கொள்ளுங்கள்.

## கூட்டமாக இறங்குவது

ஆள் கூடினால் தைரியம் கூடும், அலறலும் கூடும். ஒரு ஷ்ரீக்கர் அலறும்போது பக்கத்தில் 16 பிளாக்குக்குள் நிற்கும் எல்லோருடைய எண்ணிக்கையையும் ஆட்டம் பார்க்கும். யாருக்கு அதிகமோ அதோடு ஒன்று கூட்டி, அதையே எல்லோர் தலையிலும் எழுதிவிடும்.

பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் அப்போதுதான் முதல்முறையாகக் கீழே இறங்கினாள். அவள் கணக்கில் பூஜ்யம். பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் ஏற்கெனவே மூன்று வைத்திருந்தான், அதை யாரிடமும் சொல்லவில்லை. இவள் ஒரு படியிலிருந்து குதித்தாள், வார்டன் வந்துவிட்டது. பையன்கள் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். "நான் சும்மாதான் குதிச்சேன்" என்று அழாத குறை. உண்மையில் திட்டு வாங்க வேண்டியவன் அண்ணன். கீழே போவதற்கு முன் யாருக்கு எத்தனை என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

## குனிந்துகொண்டு செஸ்டை (சாமான் பெட்டியை) திறந்தால் சத்தம் வராது என்று நம்புவது

வரும். ஸ்னீக் காலடியை மறைக்கும், மூடியை மறைக்காது. முதலில் சென்சாருக்குக் கம்பளி, அப்புறம் செஸ்ட்.

## உள்ளே சாப்பிடுவது

சாப்பிடுவதும் சத்தம்தான். வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

## பனிப்பந்தை வாரி இறைப்பது

வார்டனைத் திசைதிருப்பப் பனிப்பந்து நல்ல கருவி. குனிந்துகொண்டு எறிந்தால் எறியும் சத்தம் கேட்காது, விழும் இடத்துச் சத்தம் மட்டும் கேட்கும். வார்டன் அங்கே போய்ப் பார்க்கும். ஆனால் பயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எறிகிறார்கள். ஐந்து விநாடிக்குள் இரண்டாவது விழுந்தால் வார்டனின் கோபம் எறிந்தவர் மேலேயே திரும்பிவிடும். ஒன்று எறியுங்கள், நகருங்கள், பொறுத்து இன்னொன்று எறியுங்கள்.

## செத்ததும் திரும்ப ஓடுவது

கீழே விழுந்த சாமான் 5 நிமிடத்தில் மறைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிகாரம் யாராவது அருகில் இருந்தால்தான் ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆள் இல்லாத பகுதியை ஆட்டம் நிறுத்தி வைத்துவிடும். தூரத்தில் இருக்கும் உங்கள் வீட்டில் உயிர் பெற்றால் சாமான் அப்படியே காத்திருக்கும். நிதானமாகக் கம்பளி எடுத்து, ஒரு சாதாரண இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு, குனிந்தே போய் எடுத்து வரலாம்.

அதைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நகரத்து வாசலிலேயே படுக்கையைப் போட்டு வைப்பது. செத்தபின் நீங்கள் அந்தப் படுக்கையில் உயிர்பெற்று எழுந்திருக்கும்போதே கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும். இரண்டு, உதவுகிறேன் என்று அங்கேயே நிற்கும் நண்பன். அன்றைக்கு அக்கா பையனின் கூட்டாளி ஒருவன் நகரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, "டேய் சீக்கிரம் வா, சாமான் எல்லாம் போயிடப் போவுது" என்று கூவிக்கொண்டே இருந்தான். அவன் அங்கே நின்றதுதான் சாமான் போனதற்குக் காரணம். இதை விளக்கிச் சொன்னபிறகும் நான் ஏதோ அவனைக் குறை சொல்கிறேன் என்றே நினைக்கிறான்.

செத்த இடத்தைக் காட்டும் ரிகவரி காம்பஸ் செய்ய ஒரு சாதாரணத் திசைகாட்டியும் எக்கோ ஷார்ட் என்ற துண்டுகள் 8-ம் வேண்டும். அந்த ஷார்ட் இதே நகரத்துச் செஸ்டுகளில்தான் கிடைக்கும். ஆகையால் முதல் தடவை இறங்கும்போது F3 தட்டி வாசலின் இட எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

## சப்டைட்டிலை அணைத்து வைப்பது

போடுங்கள். எந்தப் பக்கம் சத்தம் என்று அம்புக்குறியோடு காட்டும்.

## வார்டனைக் கொல்ல நினைப்பது

அதன் உயிர் 500. ஓர் அடிக்கு உங்களுக்கு 30. கொன்றால் கிடைப்பது ஸ்கல்க் கேட்டலிஸ்ட் என்ற கட்டை ஒரே ஒன்று, கொஞ்சம் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). அந்த கேட்டலிஸ்டைச் சண்டை போடாமலே நகரத்தில் சில்க் டச் மந்திரம் போட்ட மண்வெட்டியால் பெயர்த்து எடுக்கலாம்.