குழந்தைக்கு வாங்கும் வாத்தியமும் சுருதி சேர்ந்திருக்கணும்

மதுரையில் ஆர்மோனியம் பழுது பார்ப்பது என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேலாக, காற்றில் அதிர்ந்து சத்தம் தருகிற உலோக நாக்கான ரீடைச் சுரண்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது, "பேரனுக்குப் பொறந்த நாள் வருதுண்ணே, சின்னதா ஒரு வாத்தியம் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்பார்கள். விலை, நிறமெல்லாம் அப்புறம், முதலில் தட்டிக் கேளுங்கள் என்பேன். நமக்குத்தான் அது பொம்மை. குழந்தைக்கு அதுதான் முதல் ச ரி க ம.

பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. பேத்திக்கு மூன்று வயது முடிந்த சமயம், சித்திரைத் திருவிழாக் கடையில் எட்டுப் பட்டை சைலோபோன் ஒன்று வாங்கினேன். வானவில் நிறத்தில் தகரப் பட்டைகள், 250 ரூபாய். மேளச் சத்தத்தில் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் போனது. சமையலறை வாசலில் உட்கார்ந்து பிள்ளை வாயால் ச ரி க ம பாடுகிறாள், 'த' வரும்போது மட்டும் சுருதி இறங்குகிறது. பொம்மையைத் தட்டினால் அதிலும் 'த' அதே அளவு இறங்கி நிற்கிறது. அவள் தப்பாகப் பாடவில்லை, கேட்டதை அப்படியே பாடியிருக்கிறாள். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அன்று ராத்திரியே அந்தப் பட்டையைக் கழற்றி இரண்டு முனையையும் அரத்தால் தேய்த்தேன். முனையைத் தேய்த்தால் சுருதி ஏறும், அடிப்பக்கம் நடுவில் தேய்த்தால் இறங்கும். ஆர்மோனிய ரீடுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். நுனியில் சுரண்டினால் ஏறும், ஆணியடித்த அடிப்பக்கத்தில் சுரண்டினால் இறங்கும். கால் மணி நேரத்தில் 'த' சரியாகிவிட்டது. எல்லோர் வீட்டிலும் அரம் பிடிக்கிற ஆள் இருக்கமாட்டார் என்பதால், கடையிலேயே என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சைலோபோன்தான். தட்டினால் சத்தம் வரும், பலமாகத் தட்டினால் பெரிய சத்தம், மெதுவாகத் தட்டினால் சின்னச் சத்தம். தன் கை செய்ததுதான் கேட்கிறது என்பது குழந்தைக்கு உடனே புரியும். ஆனால் பத்துப் பொம்மை தட்டினால் இரண்டுதான் தேறும். போனில் சுருதி பார்க்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையாகத் தட்டுங்கள். சுருதியைச் சென்ட் என்ற அலகில் அளப்பார்கள். ஆர்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் 100 சென்ட் என்று கணக்கு. முள் 10 சென்ட் அப்படி இப்படி ஆடினால் பரவாயில்லை. 20, 30 என்று போனால் வைத்துவிட்டு வாருங்கள். எட்டுப் பட்டையும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் அது குறையில்லை. ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

செயலி இல்லையென்றால் கண்ணாலேயே ஒரு சோதனை உண்டு. தந்தியைப் பாதியாக்கினால் மேல் ச வரும், வீணை தெரிந்தவர்களுக்கு இது பழக்கம். பட்டை அப்படியில்லை. ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி. ஒரே கனமுள்ள பட்டையைப் பாதியாக வெட்டினால் சுருதி இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். மேல் ச வருவதற்குப் பெரிய பட்டையின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு இருந்தால் போதும். பெரியது 14 செ.மீ. என்றால் சின்னது ஏறக்குறைய 10 செ.மீ. பார்வைக்கு ஏணி மாதிரி அழகாக இருக்கட்டும் என்று சின்னதைப் பாதியளவுக்கு வெட்டி வைத்திருந்தால், செய்தவர் காதால் கேட்டுச் செய்யவில்லை என்று அர்த்தம். பட்டைகளின் கனம் வேறு வேறாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

அப்புறம் ஆணியைப் பாருங்கள். பட்டையைத் தட்டும்போது முழுப் பட்டையும் அதிர்வதில்லை. இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளி, அசையாத இடம் ஒன்று உண்டு. 14 செ.மீ. பட்டையில் அது முனையிலிருந்து 3 செ.மீ. அந்த இடத்தில் தாங்கிப் பிடித்தால்தான் நாதம் நிற்கும். மலிவுப் பொம்மைகளில் முனையோரமாக ஆணியடித்து இறுக்கிவிடுகிறார்கள், அதனால்தான் 'டிங்' என்று வர வேண்டியது 'டொக்' என்று செத்துப்போகிறது. விரலால் தொட்டால் பட்டை லேசாக ஆடணும். ஆணிக்கும் பட்டைக்கும் நடுவே ரப்பரோ கம்பளித் துணியோ இருந்தால் இன்னும் நல்லது.

மரமா, உலோகமா என்று கேட்பார்கள். நல்ல மரத்தின் நாதம் இனிமைதான். ஆனால் பொம்மை விலையில் கிடைக்கும் மரக்கட்டைகளில் சுருதி சேர்ந்த ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் உலோகமே வாங்கலாம், ஓரம் கையைக் கிழிக்காமல் மழுங்கியிருந்தால் போதும். குச்சி நீளமாக வேண்டாம். அதை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிற வயசு.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கிலுகிலுப்பையே போதும், அதுவும் வாத்தியம்தான். கர்நாடகத்தில் சென்னபட்டணாவில் கடைந்து, சுற்றும் மரத்திலேயே அரக்கு ஏற்றிச் செய்வது எனக்குப் பிடிக்கும். இந்தியாவில் விற்கிற பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு அதில் விலக்கு உண்டு. தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக் கிலுகிலுப்பையில் முத்திரை இல்லையென்றால் தொடவே வேண்டாம், அது எப்படியும் வாய்க்குத்தான் போகப்போகிறது.

தொண்டையில் சிக்கும் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் அந்த வயசுக்கு ஆபத்து. நம்முடைய பத்து ரூபாய்க் காசு 27 மி.மீ., குழாயின் வாய் அதைவிடக் கொஞ்சம் பெரிது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சலங்கையின் மணி, குச்சியின் உருண்டைத் தலை, ஜால்ராவின் திருகு எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இதைவிட மோசமானது பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்கணும். நகத்தால் திறக்க வருகிற மூடி என்றால் வாங்கவே கூடாது.

பேட்டரிப் பொம்மை என்றதும் கீபோர்டு ஞாபகம் வருகிறது. ஒரு பித்தானை அமுக்கினால் ஒரு பாட்டு முழுசாக ஓடுகிற கீபோர்டு குழந்தைக்கு எதையும் கற்றுத்தராது. அது ரேடியோ வேலை. கடையில் இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், இரண்டு சத்தமும் வரணும். கறுப்புக் கட்டைகள் நிஜமா என்றும் பாருங்கள். பல பொம்மைகளில் அது வெறும் அச்சு. நாளைக்குப் பாட்டு டீச்சரிடம் அனுப்பினால் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். இரண்டு கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கிற இடத்துக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையை (C) ச என்று வைத்தால் அந்த ராகத்தின் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) கறுப்புக் கட்டையில்தான் விழும். அதே ச-விலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் கிடைப்பது சங்கராபரணம் என்ற வேறு ராகம். ஐந்து வயதுக்கு மேல் கீபோர்டு என்று முடிவு செய்தால், பொம்மைக் கடையை விட்டுவிட்டு வாத்தியக் கடைக்குப் போங்கள். கேசியோவின் எஸ்ஏ-46 மாதிரி 32 சின்னக் கட்டைகள் உள்ளது ஒன்று போதும்.

சத்தத்தையும் பாருங்கள். குழந்தையின் கை நீளம் எவ்வளவோ அந்தத் தூரத்தில் உங்கள் காதை வைத்து, முழுச் சத்தத்தில் கேளுங்கள். உங்களுக்கே உறுத்தினால் அதன் காதுக்கு அது அதிகம். வாங்கிவிட்டோமே என்றால் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள், கணிசமாகக் குறையும்.

கொட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மடியில் அடங்கணும், தோல் தளராமல் இருக்கணும், அவ்வளவுதான். ஆசைப்பட்டுக் கஞ்சிரா வாங்குகிறவர்கள் ஆட்டுத் தோல் என்று கேட்டு வாங்குங்கள். முன்பு உடும்புத் தோலில் கட்டுவார்கள், உடும்பு இப்போது சட்டப் பாதுகாப்பில் இருக்கிற விலங்கு.

மவுத் ஆர்கன் ஐந்து வயதுக்கு மேல். நாலு ஓட்டை உள்ள சின்னதே போதும், எட்டு ஸ்வரமும் அதில் உண்டு. ஊதினால் ச, க, ப. அதே ஓட்டைகளில் மூச்சை இழுத்தால் ரி, ம, த. கடைசி ஓட்டையில் மட்டும் மாற்றி, இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. அதற்கு முன்னால் பிள்ளை ஊத ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் ஊதல் வேண்டாம். பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் லேசாக நசுக்கிப் பீப்பி செய்து கொடுங்கள். நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி அதிர்கிற மாதிரிதான் அதுவும் அதிர்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சைலோபோனில் 'ம', 'நி' இரண்டு பட்டையையும் கழற்றிவிடுங்கள், கழற்ற வராவிட்டால் மேலே துணி டேப்பைச் சுற்றிவிடுங்கள். மீதியிருப்பது ச ரி க ப த, அதுதான் மோகன ராகம். பிள்ளை எந்த இரண்டைச் சேர்த்துத் தட்டினாலும் காதில் இடிக்காது. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளர் பிள்ளைகளுக்கென்று உருவாக்கிய முறையிலும் இப்படித்தான் பட்டைகளைக் கழற்றி வைத்து ஐந்து ஸ்வரத்தில் தொடங்குவார்கள். கழற்றிய திருகாணிகளைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். என் பேத்தி ஏழு மாதம் மோகனத்திலேயே தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் 'க'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் விரலை வைத்து, "தாத்தா, இங்க ஒண்ணு இருக்கணும்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு எடுத்து மாட்டினேன்.