மணிக்கட்டு, முன்கை எலும்பு முறிவு: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வழுக்கி விழுபவர் தன்னையறியாமல் கையை ஊன்றும்போது பெரும்பாலும் முறிவது, பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுக்கு இறங்கி வரும் ரேடியஸ் எலும்பின் கீழ்முனைதான். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். தாமதித்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எல்லா முறிவுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. விலகாத முறிவும், இழுத்து நேராக்கிய பின் அசையாமல் நிற்கும் முறிவும் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். மூட்டின் மேற்பரப்பு உடைந்து மேடுபள்ளமாகியிருந்தாலோ, நேராக்கிய எலும்பு மறுபடி சரிந்தாலோ, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோதான் கம்பி, பிளேட், ஸ்க்ரூ பற்றிய பேச்சு வரும். பெரியவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்புகளும் நடுவில் முறிந்து விலகியிருந்தால் பிளேட் பொருத்துவதே வழக்கம். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸ் எலும்பு, சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பைச் சுற்றித் திரும்புவதால், எலும்பில் வளைவு மிஞ்சினால் கை முழுதாகத் திரும்பாது.

பெருவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தெரியும் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 'வெறும் சுளுக்கு' என்று விட்டுவிடாமல், 10 முதல் 14 நாட்களில் மறுபடி படம் எடுக்கவோ எம்ஆர்ஐ பார்க்கவோ கேளுங்கள். அங்குள்ள ஸ்கேஃபாய்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காத முறிவு கூடாமலே நின்றுவிடக்கூடும்.

அறுவைக்கு முன், ரத்தம் உறையாமல் இருக்கவும் சர்க்கரை நோய்க்கும் எடுக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அன்றே விட்டுவிடுவது நல்லது. கையை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால், பல மணி நேரம் கையில் உணர்வே இருக்காது. உணர்வு திரும்பும் வரை சூடான பொருளுக்கு அருகில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

நோயாளி கையில்தான் இருக்கிறது அடுத்த கட்டம். பிளேட் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும், பயந்துபோய் விரல்களை அசைக்காமல் வைத்திருந்தால் அவை விறைத்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது முறிவைச் சரிசெய்வதைவிடக் கடினம். மருத்துவர் தடை சொல்லாதவரை முதல் நாளிலிருந்தே, கையை நெஞ்சுக்கு மேலாகத் தலையணையில் உயர்த்தி வைத்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விரல்களை முழுதாக நீட்டி, நுனிகள் உள்ளங்கையைத் தொடும்படி மடக்குங்கள். பெருவிரல் நுனியால் சுண்டுவிரலின் அடியைத் தொட முயலுங்கள். தோளையும் முழங்கையையும் சேர்த்தே அசைத்து வாருங்கள். தொட்டில்கட்டிலேயே கை கிடந்தால் தோளும் இறுகிவிடும்.

மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலைப் பிறர் நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தாலோ, விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடும் நிலையாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தையலை 10 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரியும் வரை எடை தூக்க வேண்டாம். மணிக்கட்டுக்குச் சுமார் 6 வாரமும், முன்கைக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தொந்தரவு இல்லாத பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல வாரங்கள் கழித்துக்கூட, பெருவிரலைத் திடீரென நிமிர்த்த முடியாமல் போனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம் என்பதால் அறுவை செய்தவரிடமே காட்டுங்கள்.