ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்: சிவிஐடி உள்ளவர்கள் எங்கே பார்க்க வேண்டும்?

எனக்கு சிவிஐடி, அதாவது உடம்பு போதிய ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) தயாரிக்காத குறைபாடு. ஐஜிஜி, ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகைகள் இரண்டும் அடிமட்டத்தில். மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) ஏற்றிக்கொள்கிற ஆள். ரத்தத்தில் எந்த வகை நோயெதிர்ப்பு செல் எத்தனை என்று சொல்லும் ஃப்ளோ ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோகும் முன் நான் ஒருமுறை படித்துவிடுவேன். முடிவு அவருடையது. என்ன கேட்பது என்று தெரிந்து போனால் பேச நேரம் மிச்சம்.

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த லிம்போசைட்டே (டி, பி, என்கே செல்கள் சேர்ந்த வெள்ளையணு வகை) குறைந்திருந்தாலும் சதவீதம் அழகாகத்தான் தெரியும். கைக்குழந்தைகளுக்கு இயல்பிலேயே எண்ணிக்கை அதிகம். பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் குறைவு தெரியாமலே போய்விடும்.

அடுத்து சிடி19, அதாவது ஆன்டிபாடிக்கு ஆதாரமான பி செல். சிடி எண் என்பது செல்லின் மேலுள்ள அடையாளப் புரதத்தின் பெயர். பையனுக்கு பி செல் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றால், பி செல் வளரத் தேவையான பிடிகே மரபணுவைச் சோதிக்கச் சொல்வார்கள். பி செல்லை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து போட்டவர்களுக்கும் மாதக்கணக்கில் பி செல் இருக்காது, ஆகவே மருந்து விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிவிஐடி உள்ள பலருக்கு சிடி19 சரியாகவே இருக்கும். "பி செல் நார்மல்" என்று அங்கேயே தாளை மடித்துவிடக் கூடாது. கிருமியைச் சந்தித்து, ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்கோ ஐஜிஏவுக்கோ மாறிய நினைவு செல்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. சிடி27 பாசிட்டிவ், ஐஜிடி நெகட்டிவ் என்ற வரியைத் தேடுங்கள். சாதாரண டி, பி, என்கே பேனலில் அது வராது. பி செல் பேனல் என்று தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். சிவிஐடியை பி செல்களை வைத்து வகைப்படுத்தும், 2008-இல் வந்த யூரோகிளாஸ் பிரிவின்படி, பி செல்களில் இவை 2 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் தனி வகை. மண்ணீரல் வீக்கமும் கிரானுலோமாவும் (நோயெதிர்ப்பு செல்கள் திரண்ட சிறு கட்டி) அந்த வகையில் அதிகம். சிடி21 குறைந்த பி செல்கள் 10 சதவீதத்தைத் தொட்டாலும் மண்ணீரலைப் பற்றிக் கேளுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எதில் 2 சதவீதம்? ஒரு மைக்ரோலிட்டரில் லிம்போசைட் 1500, அதில் பி செல் 10 சதவீதம் என்றால் 150. அந்த 150-இல் 2 சதவீதம் வெறும் 3 செல். மொத்த லிம்போசைட்டில் 2 சதவீதம் என்றால் 30. சில லேப்கள் இப்படியும், சில லேப்கள் அப்படியும் போடும். அடிக்குறிப்பில் இல்லாவிட்டால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆன்டிபாடி குறைபாடுதானே என்று டி செல் வரிகளைத் தாண்டிவிடாதீர்கள். சிடி45ஆர்ஏ உள்ள, இன்னும் கிருமியைச் சந்திக்காத புது சிடி4 செல்கள் (டி செல்லில் ஒரு வகை) நம்மில் பலருக்குக் குறைவு. சிடி4 மொத்தமே ஒரு மைக்ரோலிட்டரில் 200-க்குக் கீழே என்றால், இது சிவிஐடிதானா, டி செல்லும் சேர்ந்த கலப்புக் குறைபாடா என்று கேட்டே ஆக வேண்டும்.

காய்ச்சல் நேரத்திலும் ஸ்டீராய்டு எடுக்கும்போதும் எண்கள் ஆடும். அவசரம் இல்லையென்றால் உடம்பு தேறிய பின் ரத்தம் கொடுங்கள். மறுமுறையும் அதே லேப்பில் எடுத்தால்தான் பழைய தாளோடு ஒப்பிட முடியும்.