கொடைக்கானலில் வீடு வாங்குவதாக இருந்தால் முதலில் மழையில் போய்ப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது இங்கேயே ஒரு வீடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும், தரகர்களும் அந்த நேரத்தில்தான் வீடு காட்டுவார்கள். வெயில் அடிக்கிறது, சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிகிறது. அப்போது பார்த்துப் பிடித்திருந்தால் சரி, ஆனால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதே வீட்டை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு பெய்யும்போது இன்னொரு முறை போய்ப் பாருங்கள். கூரையில் எங்கே ஒழுகுகிறது, எந்த அறையில் ஓதம் ஏறுகிறது, மேல்மனையிலிருந்து வரும் தண்ணீர் உங்கள் அடித்தளத்தை நோக்கி வருகிறதா, கடைசி இருநூறு அடி மண்பாதையில் கார் ஏறுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

மலையில் வீட்டைவிட அது நிற்கிற சரிவுதான் முக்கியம். தடுப்புச் சுவர் இருந்தால் மட்டும் போதாது, சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற அதில் துளைகள் விட்டிருக்கிறார்களா, மழை நாளில் அந்தத் துளைகளில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சரிவில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, தரையில் நீளமாக வெடிப்பு ஓடினாலோ, பொக்லைன் வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டி மனை போட்டிருந்தாலோ விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவை வெட்டுவதும் ஓடையை மறிப்பதும் உயிர் போகிற விஷயம், அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்து தண்ணீர். 'குழாய் இருக்கிறது' என்பது பதில் ஆகாது. குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கிறார்கள் என்றால் அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, தண்ணீர் எடுக்கும் உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டிப் பாதைக்கும் இதே கேள்விதான்.

பத்திரங்களைப் பொறுத்தவரை தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, நிலத்தின் எல்லை அளவு காட்டும் புலப்படம் எல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பதுதான். மலையில் இவற்றோடு இன்னும் சில சேரும். நிலம் அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படைப்பு நிலமா, பஞ்சமி நிலமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகையைக் குறித்திருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கு உரியது, அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, வாங்கவும் கூடாது. தனியார் காடாக அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. மலைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் வீடு கட்ட ஊராட்சி ஒப்புதல் மட்டும் போதாது, நகர் ஊரமைப்புத் துறை வழியாகப் போக வேண்டும், வனத்துறை, புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 20.10.2016-க்குப் பிறகு புதிதாகப் பிரித்து விற்கிற மனையைப் பதிவு செய்வதற்கே தடை இருக்கிறது. அதனால் என் கருத்து இதுதான்: மனை வாங்கிக் கட்டுவதைவிட, அனுமதி வரைபடத்தோடு ஏற்கெனவே கட்டி, பத்து மழையாவது பார்த்த வீட்டை வாங்குங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடியோ கூடுதல் அறையோ இருந்தால் நாளைக்குச் சீல் வைக்கப்படப்போவது உங்கள் வீட்டுக்குத்தான், விற்றவர் அப்போது இருக்க மாட்டார்.

பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, பிடித்தம் அதிகம், கொடைக்கானலில் அப்படிப்பட்ட உரிமையாளர்கள் நிறைய, முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள்.

சரி, வாங்கியாயிற்று. இனிமேல்தான் வேலை. மலை வீடு பூட்டிக் கிடந்தால் கெடும். காற்று போகாத அறையில் ஒரே பருவத்தில் மெத்தையும் அலமாரித் துணியும் பூஞ்சை பிடிக்கும், மரச் சட்டங்கள் உப்பிக் கதவு மூடாது. மாதம் நாலு நாளாவது யாராவது சன்னல்களைத் திறந்து வைத்து, கணப்பிருந்தால் அதில் நெருப்புப் போட்டு, குழாய்களைத் திறந்துவிட வேண்டும். செப்டம்பருக்குள் கூரைத் தகரத்தின் ஆணி வாஷர்களை மாற்றுங்கள், தாழ்வாரத் தகரக் குழாயில் அடைத்த இலைகளை எடுங்கள், வடிகாலைத் தூர் வாருங்கள். மலை வீட்டுச் செலவுகளில் மிகவும் பலன் தருவது இந்த வடிகால்தான், ஆனால் எல்லோரும் பெயின்டுக்குத்தான் பணம் போடுகிறார்கள். வெளிச்சுவரில் கட்டில், பீரோ ஒட்டிப் போடாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, முள்வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை, இரவில் வாசலுக்கு வரும்போது விளக்கில்லாமல் இறங்காதீர்கள். மரம் சாய்கிறது என்று நீங்களாக வெட்டக் கூடாது, பட்டா நிலமாக இருந்தாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் குடும்பம் கிடைத்தால் நல்லது. அவர்களுக்கு மாதச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள், அவர்கள் தங்கும் அறை ஒழுகாமல் இருக்கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அது இரண்டு பேருக்குமே பாதுகாப்பு. வீட்டை விடுதியாக வாடகைக்கு விடுவதென்றால் அதற்கான அனுமதியும் சுற்றுலாத் துறைப் பதிவும் தனி. வெளியூர்ப் பதிவு வண்டியில் கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2025-இல் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது, கிளம்புகிற அன்று போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

விற்பதாக இருந்தால் சொத்து வரி, மின் இணைப்பு, பட்டா மூன்றும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று ஆறு மாதம் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் பேரம் உடைவது பெரும்பாலும் இதில்தான். மழைக்காலத்தில் வீட்டைக் காட்டப் பயப்படாதீர்கள், மழையில் பார்த்து வாங்குகிறவர் பின்னால் சண்டைக்கு வர மாட்டார். 23.7.2024-க்கு முன் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடென்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், இரண்டில் குறைவானதை உள்நாட்டில் வசிக்கும் தனிநபர் கட்டலாம். பணமாக ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரும். வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு விற்பனை முடிவை முதலிலேயே சொல்லி, புது உரிமையாளரிடம் வேலை தொடருமா என்று கேட்டுக் கொடுங்கள்.