மனநலச் செயலிப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகள் தங்கள் மனநிலையைப் போனில் குறித்துவைக்கும் செயலிகளைச் சிகிச்சையில் எப்படிப் பயன்படுத்துவது என்று, மனநல ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் கடலூரிலும் புதுச்சேரியிலும் பயிற்சி நடத்துகிறேன். இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. திரையில் செயலியைக் காட்டி, இதைப் பதிவிறக்குங்கள், இங்கே தொடுங்கள், மனநிலையை இதில் குறியுங்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அதையெல்லாம் அவர்கள் ஐந்து நிமிடத்தில் தாங்களே பழகிக்கொள்வார்கள். எதிரே கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது, அடுத்த வாரம் அவர் வரும்போது பதிந்ததை வைத்து என்ன கேட்பது என்பதுதான் கடினம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நான் இப்போது பாதி நேரத்துக்கு மேல் ஒத்திகைக்கே ஒதுக்குகிறேன். ஒருவர் ஆலோசகர், ஒருவர் நோயாளி. ஒருமுறை, மீனவர் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகிய பணியாளர் ஒருவர் தேவனாம்பட்டினத்துப் பெண்ணாக நடித்தார். இளம் ஆலோசகர், “இந்தச் செயலியை உங்கள் போனில் போட்டுத் தருகிறேன் அம்மா” என்றார். அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்தார். “இது என் மகனுடைய போன் சார். ராத்திரி அவன் கையில்தான் இருக்கும்.” ஆலோசகருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை.

போன் யாருடையது, அதை வேறு யார் திறப்பார்கள் என்று கேட்காமல் செயலியைப் பரிந்துரைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளின் போன் மேசைமேல் கிடக்கிறது. பூட்டிய திரையில், “இன்று உங்கள் மனச்சோர்வு எப்படி இருக்கிறது?” என்று ஓர் அறிவிப்பு வருகிறது. வீடு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதன் 23ஆவது பிரிவில், தன் நோயும் சிகிச்சையும் பற்றிய ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. அறிவிப்பை அணைத்துவைக்கக் கற்றுக்கொடுக்காத பயிற்சி, அந்த உரிமையை மறந்த பயிற்சி.

அடுத்தது இன்னும் ஆபத்தானது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாள் பல செயலிகளில் இருக்கிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவதே மேல் என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஓர் இளைஞர் சனிக்கிழமை இரவு அந்தக் கேள்விக்கு 3 என்று குறித்திருந்தார். நாங்கள் அதைப் பார்த்தது திங்கட்கிழமை காலையில். நல்லவேளையாக அவர் உயிரோடு இருந்தார். நேரில் வந்தபோது, “நான் எழுதியதை நீங்கள் பார்க்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

செயலியில் எழுதினால் யாரோ உடனே படிப்பார்கள் என்றுதான் எவரும் நம்புவார்கள். யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், இரவில் பார்க்க ஆள் இல்லை என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும், மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோயாளி நம் கண்ணெதிரே போனில் சேமிக்கட்டும். ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் நின்று, போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நெருக்கடியில் யாரை அழைப்பது, எங்கே போவது என்ற குறிப்பைச் செயலியில் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இரவில் அது எப்படிப் பயன்படும்?

நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாகப் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. பெயர்பெற்ற நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால், செய்தவர் யாரென்றே தெரியாத செயலியை நம்பி ஒருவருடைய அழுகையை எப்படி ஒப்படைப்பது?

தமிழில் இருக்கிறது என்று செயலி சொல்லிக்கொள்வதும் போதாது. நம் மக்கள் “நெஞ்சு படபடக்கிறது”, “எதிலும் பிடிப்பில்லை”, “மனசு பாரமாக இருக்கிறது” என்பார்கள். இயந்திரம் பெயர்த்த தமிழில் இவை எதுவும் இருக்காது. ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்துப் பாருங்கள், அது உங்கள் காதுக்கே உறுத்தினால் நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.

பயிற்சி பெறுபவர், பரிந்துரைக்கும் முன் இரண்டு வாரம் தானே அந்தச் செயலியைத் தினமும் பயன்படுத்த வேண்டும் என்பது என் பிடிவாதம். பெரும்பாலானோர் ஐந்தாம் நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். 93 மனநலச் செயலிகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், முப்பதாம் நாளிலும் தொடர்ந்தவர்கள், நடுத்தரமான ஒரு செயலியில், 3.3 சதவீதம்தான். தானே விட்டுப் பார்த்தவர், “ஏன் பதியவில்லை?” என்று நோயாளியை அதட்டமாட்டார்.

நோயாளியின் விவரங்களைப் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: கூடாது.

ஒருநாள் பயிற்சியோடு கைகழுவிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறையாவது மீண்டும் கூடி, யாருக்கு எங்கே தடுமாற்றம் வந்தது என்று பேச வேண்டும். அப்படி மூன்றாம் மாதம் கூடியபோது, ஒத்திகையில் வார்த்தை வராமல் நின்ற அதே ஆலோசகர் பேசினார். அவரிடம் வரும் ஓர் அம்மாவுக்குச் சொந்தமாகப் போன் இல்லை. செயலியில் இருப்பதைப் போலவே அன்றைய மனநிலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை, தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லியிருக்கிறார். கிழித்த தாள்களை அந்த அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவருகிறாராம். வீட்டில் பார்ப்பவர்கள் பால் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.